அக்கா கூப்பிட்ட பெயர்கள்

என் அக்காவுக்கு ரயிலைக் கண்டால் பயம் என்று எங்கள் உறவினர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அது உண்மையில்லை. அவளுக்கு ரயில் பிடிக்கும். லாபிஸுக்கு வெளியே நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்தில், கடைசி வரிசை லயத்து வீடுகளுக்குப் பின்னால் தண்டவாளம் போனது. ரயில் வரும் நேரம் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடும். கம்பி வேலியருகே போய் நின்று, உள்ளங்கைகளால் இரண்டு காதுகளையும் அடைத்துக்கொண்டு, கடைசிப் பெட்டி மறையும்வரை சிரித்துக்கொண்டிருப்பாள். காதை அடைப்பதைப் பார்த்தவர்கள் பயம் என்றார்கள். சிரிப்பை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு ஏழு. அவள் பேசுவாள், ஆனால் தன்னுடைய பேச்சாக எதையும் பேசமாட்டாள். பசித்தால் “சாப்பிட்டியா?” என்று கேட்பாள். சாப்பாட்டு நேரத்தில் அவளிடம் எல்லோரும் அதைத்தானே கேட்டார்கள்? வானொலியில் செய்தி வாசிப்பவரின் கனத்த குரலில் அடுப்படியில் உட்கார்ந்து வானிலை சொல்வாள். நாங்கள் கேலி செய்தால் அந்தக் கேலியையே எங்கள் குரலில் எங்களுக்குத் திருப்பித் தருவாள். முகத்தைப் பார்த்துப் பேசமாட்டாள். அம்மா மடியில் வைத்துத் தலைவாரும்போதுகூட அவள் பார்வை அம்மாவின் காதுத் தோட்டைத் தாண்டி வந்ததில்லை.

ஆனால் எங்கள் தோட்டத்தில் அவளுக்கு ஒரு புகழ் இருந்தது, பெரட்டு விஷயத்தில். தினமும் விடிகாலையில் ஆபீஸ் வாசலில் பெரட்டு நடக்கும். பால்மரம் வெட்டப் போகிறவர்களை வரிசையாக நிறுத்தி, வேலையை மேற்பார்க்கும் தண்டல் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிட்டு ஆள் எடுப்பார். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போனார்கள். அக்காவை வீட்டில் விட முடியாது என்பதால் சின்ன வயதிலிருந்தே அம்மா அவளையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு பெரட்டுக்குப் போய், பிறகுதான் பிள்ளைக் கொட்டகையில் விடுவார். கேட்டுக் கேட்டு அவளுக்கு முழுப் பெரட்டும் மனப்பாடம். வாசற்படியில் உட்கார்ந்து தண்டலின் குரலிலேயே பெயர்களைக் கூப்பிடுவாள். நடுவில் அவருக்கு வரும் வறட்டு இருமலையும் விடமாட்டாள். அதோடு ஒவ்வொருவர் பெயருக்கும் அவரவர் குரலில் பதிலும் சொல்வாள். அப்பாவின் பதில் ஒரு முனகல். அம்மாவின் பதில் அவசரமாக வரும். ஆண்குரல், பெண்குரல், மூக்கடைத்த குரல் எல்லாம் அந்தச் சின்ன வாயிலிருந்து வரிசையாக வரும்.

தண்டலே ஒருநாள் நின்று கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். “அலமாக்! என் வேலைய இவகிட்ட குடுத்துட்டு நான் வூட்டுல படுத்துக்கலாம் போலருக்கே” என்றார். அதன்பிறகு அவளுக்குப் பெரட்டுக்காரி என்று பெயர் வந்தது. குழாயடியில் பெண்கள் அவளை நிறுத்தி, “அடியே பெரட்டுக்காரி, எம்பேரக் கூப்பிடு பாப்போம்” என்பார்கள். அஞ்சலை என்று ஒரு பெண் இருந்தார், பக்கத்து லயத்துக்காரர். அவருடைய பதில்தான் எல்லோருக்கும் பிடித்தமானது. அவர் பெரட்டில் மட்டும் பாட்டு மாதிரி இழுத்து, “இருக்கேங்கோ!” என்பார். அக்கா அதை அப்படியே செய்யும்போது அஞ்சலையே வெட்கப்பட்டு முகத்தை முந்தானையால் மூடிக்கொள்வார்.

அஞ்சலை ஒரு பிற்பகலில் விறகுக் கட்டோடு தண்டவாளத்தைத் தாண்டும்போது ரயிலில் அடிபட்டு இறந்தார். அக்கா அப்போது வேலியருகே நின்றிருந்தாள்.

அவள் என்ன பார்த்தாள், எவ்வளவு பார்த்தாள் என்பது யாருக்கும் தெரியாது. அவள் அழவில்லை, ஓடியும் வரவில்லை. அப்பா போய்த் தூக்கியபோது மரக்கட்டை மாதிரி விறைத்திருந்தாள். அன்றிலிருந்து அவள் வேலிப் பக்கம் போகவில்லை. சோற்றைத் தள்ளிவிட்டாள். பாயை நனைத்தாள். நெற்றியைச் சுவரில் மோதிக்கொண்டாள், மோதாதபடி அம்மா நடுவில் கையை வைத்தால் கையிலேயே மோதினாள். இத்தனைக்கும் நடுவில் விடிந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து பெரட்டு எடுத்தாள். வரிசை மாறவில்லை. அஞ்சலையின் இடம் வந்ததும் தண்டலின் குரலில் “அஞ்சல!” என்று கூப்பிட்டாள். பிறகு அஞ்சலையின் குரலில், “இருக்கேங்கோ!” என்றாள்.

லயமே நின்றுவிட்டது. எதிர்வீட்டுப் பெண் கையிலிருந்த வாளியை அப்படியே கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இதை நான் சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில் இருக்கும் பெர்மாஸ் ஜெயாவில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்து அறையில் என் மகன் இருக்கிறான். அவனுக்கு எட்டு வயதாகிறது, அவனும் அக்காவைப் போலத்தான் பிறந்தான். ஆனால் அவன் பேசிக்கொண்டிருந்தான். இந்த வருடத் தொடக்கத்தில், அவன் போய்வந்த ஒரு பராமரிப்பு நிலையத்தில், சத்தம் போடுகிறான் என்று அவனைச் சாமான் அறையில் பூட்டி வைத்திருக்கிறார்கள். ஒருமுறை அல்ல. அதன்பிறகு அவன் பேசவில்லை. கதவு சாத்தினால் மேசைக்கடியில் போய்விடுகிறான். அவனைப் பார்க்கும் டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: ஆட்டிசம் அதிர்ச்சியால் வருவதில்லை, அது பிறப்போடு வருவது. ஆனால் அப்படிப் பிறந்த குழந்தையை அதிர்ச்சி இன்னும் ஆழமாக வெட்டும். வெட்டுப்பட்டதை அந்தக் குழந்தையால் சொல்ல முடியாது. பார்க்கிறவர்களும் எல்லாவற்றையும் ஆட்டிசத்தின் தலையில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அப்படித்தான் நடக்கிறது. சிங்கப்பூர் வேலை முடிந்து எல்லைப் பாலத்தில் மணிக்கணக்காக நின்று களைத்து வரும் என் கணவர், “இந்த மாதிரிப் பிள்ளைங்க அப்டித்தான் லா, நீயே போட்டுக் கொழப்பிக்காத” என்கிறார். நிலையத்திலும் அதையேதான் சொன்னார்கள். என் அக்காவின் காலத்தில் எல்லாவற்றுக்கும் பயம்தான் காரணம். என் மகனின் காலத்தில் எதற்குமே பயம் காரணமில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு குழந்தை நிற்பதைப் பார்க்கிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

அக்காவுக்கு அப்போது மாமாதான், அம்மாவின் அண்ணன், வழி சொன்னார். அவர் குளுவாங்கில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். நாலு ஊர் தெரிந்தவர் என்று எங்கள் வீட்டில் அவருக்கு மரியாதை.

“ரயிலு பயம்தான் மச்சான், வேற ஒண்ணுமில்ல. பயந்த ஒடம்புல செத்தவ வந்து ஏறிக்கிட்டா. எறக்கிட்டா பிள்ள பழையபடி ஆயிரும்.”

“பழையபடின்னா எப்டிண்ணே?” என்றார் அம்மா. “அவ முந்தியே இப்டித்தான். தூளியில கெடக்கும்போதே எம்மொகத்தப் பாக்கமாட்டா.”

அப்பா திரும்பிப் பார்த்த பார்வையில் அம்மா நிறுத்திக்கொண்டார். “பொறவியிலயே கோளாறுன்னு நீயே ஊருல சொல்லிக்கிட்டுத் திரி” என்றார் அப்பா.

அப்பா கெட்டவரில்லை. பிறவி என்றால் அவருக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை. பயம் என்றால், பேய் என்றால், போக வேண்டிய இடம் ஒன்று இருந்தது. ஒன்பது வருடமாக அவர் தேடிக்கொண்டிருந்த காரணத்தை அந்த ரயில் கொண்டுவந்து கொடுத்துவிட்டது. இதை இப்போது என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. மகனுக்கு என்ன ஆயிற்று என்று யாராவது ஒரே வார்த்தையில் சொன்னால் நானும் வேனில் ஏறிவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டோம். பாலோவுக்குப் போகும் வழியில் ஒரு தோட்டத்து ஓரத்தில், தகரக் கூரை போட்ட சிறிய முனீஸ்வரர் கோயில். அக்காவுக்குப் புதுப் பாவாடை உடுத்தியிருந்தார்கள். புதுத்துணி உடம்பில் உரசினால் அவள் தாங்கமாட்டாள், வழியெல்லாம் இழுத்து இழுத்துக் கழற்றப் பார்த்தாள். மாமா கண்ணாடியில் பார்த்து, “பாத்தீங்களா, கோயில் நெருங்க நெருங்க உள்ளேருந்து துடிக்குது” என்றார். வேனில் இருந்த எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

உறுமி மேளம் தொடங்கியதும் அவள் காதை அடைத்தாள். இரண்டு பேர் அவள் கைகளைப் பிடித்து விரித்தார்கள், காது திறந்திருந்தால்தான் சாமியின் சத்தம் உள்ளே போகுமாம். குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். சாம்பிராணிப் புகையில் எனக்கே கண் எரிந்தது. சாமியாடி வந்தார். வாயில் சுருட்டு, கையில் சாட்டை. அவள் முன்னால் குனிந்து, “யாரு நீ?” என்றார்.

“யாரு நீ?” என்றாள் அக்கா, அவர் குரலிலேயே.

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. “பேரச் சொல்லு!” என்று அவர் அதட்டினார். “பேரச் சொல்லு!” என்று அவளும் அதட்டினாள். சாமியையே எதிர்த்துப் பேசுகிறது என்று என் பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள். முதல் அடி விழுந்தது. அவள் அலறினாள். அது யாருடைய குரலும் இல்லை. யாரிடமிருந்தும் கற்றுக்கொண்டதும் இல்லை. அவளுடைய சொந்தக் குரல் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன்.

அப்பா முன்னால் போய்ச் சாமியாடியின் காதில் ஏதோ சொன்னார். சாமியாடி நிமிர்ந்து, மேளத்தை நிறுத்தச் சொல்லி, உரக்கக் கூப்பிட்டார்: “அஞ்சல!”

பெரட்டில் பெயர் கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும். அவளுக்குத் தெரிந்த உலகத்தில் அது ஒன்றுதான் ஒருநாளும் தவறாத ஒழுங்கு. அழுகையை விழுங்கிக்கொண்டு, எச்சில் ஒழுகும் வாயோடு, பாட்டு மாதிரி இழுத்துச் சொன்னாள். “இருக்கேங்கோ!”

பெண்கள் கத்தினார்கள். அம்மா கீழே உட்கார்ந்துவிட்டார். மேளம் மறுபடியும் எழுந்தது. “போறியா இல்லையா?” என்று ஒவ்வோர் அடிக்கும் அவர் கேட்டார், “போறியா இல்லையா?” என்று ஒவ்வோர் அடிக்கும் அவள் திருப்பிக் கேட்டாள். நிறுத்தினால் அடி நின்றுவிடும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுக்க யாருமில்லை. அவள் குரல் மெலிந்துகொண்டே வந்தது. கடைசியில் சாமியாடி கேட்டார், அவள் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. “அஞ்சல!” என்று கூப்பிட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை. மறுபடியும் கூப்பிட்டார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போய்ட்டா” என்றார் சாமியாடி. அவர் காலில் விழுந்து எழுந்த அப்பாவின் முகம் நனைந்திருந்தது.

திரும்பும் வழியில் மாமா பாலோவில் ஒரு சீனன் கடையில் வேனை நிறுத்தி, எங்கள் எல்லோருக்கும் துருவிய ஐஸில் சிவப்புச் சாறு ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் அப்படிப்பட்ட நாள் அதற்கு முன் வந்ததில்லை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். அக்கா நாற்காலியில் நேராக, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தாள். பாவாடையை இழுக்கவில்லை. கடைக்கார டவுக்கே அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தி, “பாகுஸ்! நல்ல பிள்ள!” என்றார். அப்பா சிரித்தார். அவர் அவளைக் கூட்டிக்கொண்டு ஒரு கடையில் தலைநிமிர்ந்து உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். “பாத்தியா, எவ்ளோ அடக்கமா இருக்கா” என்றார் மாமா.

“அம்மா, அக்கா இனிமே எப்ப பேசும்?” என்று கேட்டேன்.

“பேசுவா. களச்சிருக்கா” என்றார் அம்மா, யாரையும் பார்க்காமல்.

அக்கா இன்றும் லாபிஸில் அம்மாவோடு இருக்கிறாள். அதன்பிறகு அவள் ஒரு சொல்கூடப் பேசவில்லை. ஆனால் அந்த மேசையில் எனக்கு அது தெரியாது. எனக்கு அன்று ஒரே சந்தோஷம். உள்ளே இருந்த வேறொருத்தி போய்விட்டாள், அந்த இடத்தில் இனி என் அக்கா வந்து உட்காருவாள், என் முகத்தைப் பார்ப்பாள், என்னோடு சண்டை போடுவாள், இருவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போவோம் என்று வரிசையாக நினைத்துக்கொண்டே சிவப்புச் சாற்றை உறிஞ்சினேன். போனது அஞ்சலைதான் என்று பெரியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். யார் போனது என்று வேறு விதமாகவும் கேட்கலாம் என்பது ஏழு வயதில் எனக்குத் தோன்றவில்லை.