நாளைய தேதியில் ஒரு நோட்டீஸ்

போன மாதக் கடைசியில் ஒரு காலை. கடையைத் திறந்து கம்ப்யூட்டருக்கு உயிர் வருவதற்குள் தங்கக்கனி அக்கா வந்து நின்றார். கையில் ஒரு தாக்கோல். சாவிக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்.

"ஏட்டி, இது இனி எந்தப் பூட்டுக்கும் சேராது. குப்பையில போடு. பொறவு, வீட்டக் காலி பண்ணச் சொல்லி ஒரு நோட்டீஸ் அடி."

"யாருக்கு அக்கா?"

"வேற யாருக்கு? செலினுக்குத்தான். எனக்க வீட்டுல எனக்கே பூட்ட மாத்திட்டா!"

தக்கலையில் பத்திர ஆபீஸ் பக்கம் நான் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வாடகை ஒப்பந்தம் அடிக்க வருகிறவர்கள் பெரிய முதலாளிகள் இல்லை. மாடியில் ஒரு போர்ஷன், பின்னால் கூரை சரித்து இறக்கிய ஒரு சாய்ப்பு... அவ்வளவுதான் சொத்து. தங்கக்கனி அக்காவும் அப்படித்தான். கணவர் இறந்த பிறகு பின்பக்கம் இரண்டு அறையில் ஒதுங்கிக்கொண்டு, முன்வீட்டை வாடகைக்கு விட்டார். வந்தவள் செலின். ஆஸ்பத்திரி நர்ஸ். கணவன் வளைகுடாவில். தனியாகத்தான் இருக்கிறாள்.

வாடகை பாக்கியா? இல்லை. சத்தம், சண்டையா? அவள் இருப்பதே தெரியாது.

நடந்தது இதுதான். செலின் டியூட்டிக்குப் போனதும் அக்கா தன் தாக்கோலால் கதவைத் திறந்து உள்ளே போவார். எதற்கு? சிங்க்கில் கிடக்கும் பாத்திரத்தைக் கழுவ. மழை இருட்டினால் கொடித் துணியை எடுத்து மடித்து வைக்க. அடுப்புப் பக்கம் ஒரு கிண்ணம் மீன்கறியை மூடி வைத்துவிட்டு வர.

"அன்னைக்கு அவ நைட் டியூட்டி முடிஞ்சு வந்து உறங்கிட்டுக் கிடந்திருக்கா. எனக்குத் தெரியாதே மக்கா! மடிச்ச துணிய வைக்க ரூமுக்குள்ள போனேன். எழும்பி ஒரு கூப்பாடு போட்டா பாரு... எனக்கு நெஞ்சு நின்னு போச்சு."

"அவளுக்கு?"

என்னை அறியாமல் கேட்டுவிட்டேன். அக்கா கதையைத் தொடர்ந்தார். மறுநாளே பூட்டு மாறிவிட்டதாம்.

"நான் என்ன களவாணியா? அவளுக்க அம்மை இப்பிடிச் செய்தா பூட்ட மாத்துவாளா?"

அக்காவின் கண் கலங்கிவிட்டது. எனக்கு அதிகம் பேச வராது. எதிரில் ஒருவர் அழுதால் சுத்தமாக வராது. அதனால் அவருடைய ஒப்பந்தத்தைக் கம்ப்யூட்டரில் தேடி எடுத்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்தேன். வாடகைக்கு விட்ட வீட்டுக்குள் உரிமையாளர் நுழைய வேண்டுமென்றால், ஒரு நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும் — நாள், நேரம், காரணம்.

"எனக்க வீட்டுக்குள்ள போக நான் எழுதிக் குடுக்கணுமா? யாருட்டி இத எழுதுனது?"

"சட்டம் அக்கா. கீழ நீங்கதான் ஒப்புப் போட்டிருக்கிய."

"நீ காட்டின எடத்துல போட்டேன். வாசிக்கவா செய்தேன்?"

யார்தான் வாசிக்கிறோம்?

நான் பார்த்தவரை, எங்கள் பக்கம் வீடு வாடகைக்கு விடும் சாதாரண ஆட்கள் சட்டத்தை ஏமாற்றுகிறவர்கள் இல்லை. தங்களுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது என்பதே தெரியாதவர்கள். ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்றால், 'நம்ம புள்ளதானே, எதுக்கு?' வாடகையும் வருமானம்தான், வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும் என்றால், 'வீட்டு வரி கெட்டுதேனே, பொறவு என்ன வரி?' இரண்டும் வேறு வேறு என்று சொன்னால் ஒரு பார்வை பார்ப்பார்கள் பாருங்கள்... வரியை நானே போட்டது மாதிரி! கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மீதியிலும் ஒரு பங்கைத் தள்ளித்தான் கணக்குப் போடுவார்கள், சிலருக்கு வரியே வராமலும் போகலாம் என்று சொன்ன பிறகுதான் முகம் தெளியும்.

அக்காவின் முகம் மட்டும் தெளியவில்லை.

"அப்ப நோட்டீஸ் அடிக்க மாட்டியா?"

"காலி பண்ணச் சொல்லவும் சட்டத்துல காரணம் வேணும் அக்கா. பூட்ட மாத்திட்டான்னு எழுதினா, எதுக்கு மாத்தினான்னு கேப்பாங்க. என்ன சொல்லுவிய?"

அக்கா தாக்கோலை என் மேஜைமேல் வைத்தார். பிறகு, யாரிடமோ சொல்வது போல...

"அவ போயிட்டா முன்வீட்டுல லைட் எரியாதுல்லா."

அன்று சாயங்காலம் அக்காவோடு நானும் போனேன். செலின் கதவைத் திறந்தாள். எங்கள் இருவரையும் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"காலி பண்ணணுமா ஆன்ட்டி?"

அக்கா வேறெங்கோ பார்த்தார். செலினே பேசினாள்.

"நீங்க வாறது பிரச்சினை இல்ல ஆன்ட்டி. கண்ண முழிச்சா கட்டில் பக்கத்துல ஒரு ஆள் நிக்கு. தனியா கெடக்கவ என்ன நெனைப்பேன்? அதுக்கு மேல, எனக்க உள்துணியெல்லாம் மடிச்சு வைக்கிய... எனக்கு வெக்கமா இருக்காதா?"

"துணியில என்னட்டி வெக்கம்? நான் உனக்க அம்மை மாதிரில்லா."

"எனக்க அம்மையே கதவத் தட்டிட்டுத்தான் வருவா ஆன்ட்டி."

அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாகச் சொன்னார். "சரி. இனி எழுதிக் குடுத்துட்டு வாறேன். சட்டப்படி!"

முதலில் சிரித்தது செலின். பிறகு அக்கா. மீன்கறி இல்லாமல் வாய் செத்துப் போச்சு என்று அவள் சொன்னபோது நானும்.

அக்கா சொன்ன சொல் மாறவில்லை. நோட்டீஸுக்கு அவர் கண்டுபிடித்த தாள் எது தெரியுமா? தினக் காலண்டர். நாளைய தாளை இன்றே கிழித்து, பின்பக்கம் எழுதி, முன்வீட்டுக் கதவுக்கு அடியில் தள்ளிவிடுகிறார். 'தேதி அதுலயே இருக்கே, எதுக்குத் தனியா எழுதணும்?' என்கிறார். 'காலை பத்து மணி. காரணம்: கறிவேப்பிலை பறிக்க.' செலின் அடியில் பதில் எழுதித் திருப்பித் தள்ளுவாள்: 'நைட் டியூட்டி ஆன்ட்டி. மூணு மணிக்கு வாங்க.' இதனால் அக்கா வீட்டுக் காலண்டர் மட்டும் ஊருக்கு ஒரு நாள் முன்னால் ஓடுகிறது!

சொத்து நம்முடையதுதான். ஆனால் வாடகைக்கு விட்ட பிறகு வாசல் அவர்களுடையது. அவர்கள் கூப்பிட்டு உள்ளே போகும்போதுதான் அங்கே நமக்கு மரியாதை. இது வீட்டுக்கு மட்டுமா?

நேற்று அக்கா வீட்டு வரி ரசீதை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். 'கழிக்கலாம்னு சொன்னியே!' கூடவே ஒரு காலண்டர் தாளையும் நீட்டினார்.

"இத வாசிச்சுப் பாரு. சட்டப்படி செல்லுமாட்டி?"

வாசித்தேன். 'சாயங்காலம் நாலு மணி. காரணம்: ஒண்ணுமில்ல. சும்மா.' அதற்கு அடியில் செலினின் கையெழுத்து: 'சாயா போட்டு வைக்கேன்.'

செல்லும் என்று சொல்லிவிட்டேன். காரணம் எழுதத்தானே சட்டம் சொல்கிறது... பெரிய காரணமாக இருக்க வேண்டும் என்றா சொல்கிறது?