சிங்கள வகுப்புக்கு ஐந்தாவது ஆள்

சரை பிரிப்பதில் நதீராவுக்கு ஒரு முறை இருந்தது. கடையிலிருந்து வந்த சீனியைப் போத்தலில் கொட்டியதும், மற்றவர்களைப் போல அந்தக் கடதாசிச் சுருளைக் கசக்கி அடுப்புக்குள் போட மாட்டாள். சரையின் கூர் முனையை விரலால் இரண்டு தரம் சுண்டுவாள். ஒட்டிக்கிடந்த கடைசிச் சீனியும் உதிர்ந்துவிடும். பிறகு மடிப்பை நகத்தால் மெல்ல நெம்பி, பிடிவாதமான இடத்தில் ஒரு துளி தண்ணீர் தொட்டு, கிழியாமல் விரிப்பாள். விரித்ததைச் சீமெந்துத் தரையில் வைத்து, தேத்தண்ணிக் கோப்பையின் அடியால் சுருக்கம் போகத் தேய்ப்பாள். கொழும்பில் யாரோ வாசித்துவிட்டு எடைக்குப் போட்ட பத்திரிகைகள்தான் கல்முனைக் கடைகளில் சரையாகின. தமிழ்த் தாள் வந்தால் உம்மாவுக்கு. சிங்களத் தாள் வந்தால் அவளுக்கு.

எழுத்துகளை அவள் ஒரு பழைய அரிவரிப் புத்தகத்திலிருந்து தானே பொறுக்கியிருந்தாள். ஆனால் நெடுநாளாக அவை வெறும் சத்தங்களாகவே இருந்தன. கூட்டி வாசிப்பாள், வாய் நிறையும், ஒன்றும் விளங்காது. எண்பத்தோராம் ஆண்டு ஒரு காலையில், மிளகாய்த்தூள் வந்த சரையில்தான் முதன்முதலாக ஒரு வசனம் முழுதாகத் திறந்தது. சின்னக் கட்டத்துக்குள் ஒரு வயோதிபரின் படம். கீழே, அன்னாரின் பூதவுடல் நாளை பிற்பகல் மூன்று மணிக்கு அடக்கம் செய்யப்படும் என்றிருந்தது. நதீரா கைகொட்டிச் சிரித்தாள்.

கிணற்றடியிலிருந்து உம்மா சுபைறா எட்டிப் பார்த்தார். "என்ன புள்ள?"

"ஒராள் மௌத்தாகிட்டார் உம்மா. நாளைக்கு மூணு மணிக்கு அடக்கம்."

"இன்னாலில்லாஹி… ஆருகா?"

"தெரியா. சிங்கள ஆள். போன வருசம்."

உம்மா வாளியைக் கீழே வைத்தார். "போன வருசத்து மையித்துக்கு இண்டைக்கு இருந்து சிரிக்கிறாய். ஒன்ன ஆருக்குக் கட்டிக் குடுக்கிற எண்டுதான் எனக்கு யோசின."

அந்த ஆண்டுதான் நதீரா உயர்தர வகுப்புக்குப் போனாள். கலைப்பிரிவில் நான்கு பாடம் எடுக்க வேண்டும். மூன்றை எழுதிவிட்டு, நாலாவது கோட்டில் சிங்களம் என்று எழுதி அதிபரிடம் நீட்டினாள். அதிபர் அப்துல் ஸமட் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"இதப் படிப்பிக்க இஞ்ச ஆரிரிக்கா?"

"அம்பாறையிலிருந்து ஒரு சேர் கிழமைக்கு ரெண்டு நாள் வரலாமெண்டு சொன்னாங்க சேர்."

"ஒராளுக்காக அவர் பஸ் ஏறி வருவாரா? அஞ்சு பேர் வேணும். வியாழக்கிழமை மணியடிக்க முந்தி அஞ்சு பேரையும் கொண்டா. இல்லாட்டி எல்லாரையும் போல அரசியலப் படி."

அன்று ஞாயிற்றுக்கிழமை. வெள்ளியும் சனியும் பள்ளிக்கூட விடுமுறை என்பதால் வியாழனோடு எல்லாம் முடிந்துவிடும். கையில் ஐந்து நாள். தவறினால் இரண்டு வருடம் அரசியலோடு குந்தியிருக்க வேண்டியதுதான். சிங்களம் சரையோடு நின்றுவிடும். இதை நினைத்தபோது அவளுக்குப் பயம் வரவில்லை. ஓட்டப்போட்டிக் கோட்டில் நிற்கிறவளைப் போல உள்ளங்கால் குறுகுறுத்தது.

பொத்துவிலிலிருந்து வந்து மாமா வீட்டில் தங்கிப் படித்த இரட்டையர்கள் இருவரும் அன்றைக்கே சம்மதித்தார்கள். தங்கள் வாப்பாவின் கடையில் நின்று பழகியதால் அவர்களுக்குச் சிங்களம் வாயில் தண்ணீராக ஓடும். "சும்மா கதைக்கிறதுக்கு மாக்ஸும் போடுவாங்களா?" என்று ஒருவன் கேட்டான். மற்றவன் அதற்குள் பெயரை எழுதிவிட்டான். திங்கட்கிழமை கதிர்காமன் வந்து சேர்ந்தான். கடற்கரைப் பக்கத்துப் பெடியன், வகுப்பில் வாய்காரன். "எண்ட பேருக்குரிய கோயிலுக்குச் சிங்கள ஆக்கள்தான் கூடப் போறாங்க. சாமியோட அவங்க என்ன கதைக்கிறாங்க எண்டு நானும் அறியத்தானே வேணும்" என்றான்.

அவளோடு சேர்த்து நான்கு. ஐந்தாவது ஆள்தான் அகப்படவில்லை. கேட்ட பெண்களெல்லாம், "ஒனக்கு விசரா?" என்றார்கள். செவ்வாய்க்கிழமை பின்னேரம், பஸ்ஸுக்கு ஓடுவதுபோல் ஓடி நதீரா அஸீஸாவின் வீட்டுக்குப் போனாள்.

சாதாரண தரத்தில் வகுப்பிலேயே கூடிய புள்ளி அஸீஸாவுக்குத்தான். ஒருமுறை வாசித்தது அவளுக்கு மறக்காது. ஆனால் பரீட்சை முடிந்த கையோடு கலியாணம் பேசிவிட்டார்கள், பள்ளிக்கூடம் நின்றது. மாப்பிள்ளை நிந்தவூர் மஜீட், அம்பாறைக் கச்சேரியில் அரசாங்கக் கிளார்க். பேச்சு முடிந்த பிள்ளை வாசலைத் தாண்டுவதில்லை. முன்பக்கம் புது அறை எழும்பிக்கொண்டிருந்தது. ஈரச் சீமெந்து மணக்கும் அந்த அறைக்குள் அஸீஸா தலையணை உறையில் பூப்போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் ஊசியை அப்படியே துணியில் குத்தி வைத்தாள்.

"உம்மாட்டக் கேளுகா" என்றாள் தாழ்ந்த குரலில். "நீ கேளு. எனக்குச் சிரிப்பு வந்திடும்."

அஸீஸாவின் உம்மா, உம்மு மாமி, குசினியில் மீன் அரிந்துகொண்டிருந்தார். "கலியாணம் முடிச்சிப் போற புள்ளைக்கு என்னத்துக்குகா சிங்களம்?"

"இவ எங்க போறா மாமி?"

மாமியின் கத்தி நின்றது.

"நம்மட ஊருல பொம்புளையா போறா? மாப்பிளதானே உடுப்புப் பெட்டியத் தூக்கிட்டு இஞ்ச வந்து இரிக்கப் போறார். இவக்கி அதே வீடு, அதே கிணறு, அதே ரோட்டு. ஊரு மாறுற ஆள் அவர். படிப்ப நிப்பாட்டுறதெண்டா அவர்ர படிப்பத்தான் நிப்பாட்டணும்."

அறைக்குள்ளிருந்து சிரிப்பொன்று வெடித்தது. உம்மு மாமிக்கும் உதடு கோணிவிட்டது. மறைக்க மீனைப் புரட்டினார். "ஒண்ட வாய்க்கு வக்கீலுக்குப் படிக்கலாம். சரி, கலியாணம் வரைக்கும் ஏழு மாசம் கிடக்கு. ஆனா அந்தப் பக்கம் கேளாம நான் ஓம் எண்ட மாட்டன். மருமகன் சொல்லணும்."

"நாளைக்கு வாப்பா வயல் பேர்மிட் விசயமா கச்சேரிக்குத்தான் போறார். நீங்க சொல்லுங்க, நான் எழுதுறன்."

உம்மு மாமி சொல்லச் சொல்ல நதீரா எழுதினாள். அவர் மூன்று வசனம் சொன்னார். கடிதத்தில் பதினொன்று இருந்தது.

மறுநாள் வாப்பா அச்சிமுகம்மது பேர்மிட் அலுவல் முடியாமல்தான் அம்பாறையிலிருந்து திரும்பினார். ஆனால் சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு துண்டு இருந்தது. "மாப்பிள நிண்ட நிலையிலயே படிச்சார். படிச்சி முடியாமலே பேனையத் தேடினார்" என்றார். துண்டில் இரண்டு வசனந்தான் இருந்தது. அஸீஸா படிக்கட்டும். எனக்குப் பூரண சம்மதம்.

வியாழக்கிழமை காலை அஸீஸா பழைய வெள்ளைச் சீருடையைப் போட்டுக்கொண்டு வந்தாள். தோள்பக்கம் கொஞ்சம் இறுகியிருந்தது. மணியடிக்கக் கால் மணித்தியாலம் இருக்கையில் ஐந்து பேரும் அதிபரின் கதவில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அப்துல் ஸமட் பேனையால் ஒவ்வொருவராகச் சுட்டி எண்ணினார். அஸீஸாவில் பேனை நின்றது.

"கலியாணம் பேசின புள்ளயெல்லவா?"

"மாப்பிளட சம்மதம் இரிக்கி சேர்." நதீரா துண்டை நீட்டினாள்.

அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். பின்னர் ஃபைலைத் திறந்து, பாடசாலைக் கடிதங்களோடு கடிதமாக அதையும் ஊசி குத்தி வைத்தார். "சரி. போய்ப் படிங்க."

இரண்டு கிழமையில் சிங்கள சேர் முதல் பஸ்ஸில் வந்திறங்கினார். ஆளுக்கு ஏதாவது சிங்களத்தில் சொல்லும்படி, தட்டுத்தடுமாறிய தமிழில் கேட்டார். இரட்டையர்கள் கடைப் பாஷையில் பொழிந்தார்கள். நதீராவின் முறை வந்தது. அவளுக்கு முழுதாகப் பாடமாயிருந்தது ஒரே வசனந்தான். எழுந்து நின்று, பிசகில்லாமல், தெளிவாகச் சொன்னாள். அன்னாரின் பூதவுடல் நாளை பிற்பகல் மூன்று மணிக்கு அடக்கம் செய்யப்படும்.

சேர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "யாரு? யாரு செத்தது?"

கதிர்காமன் சிரித்துச் சிரித்து வாங்கிலிருந்து விழுந்தான். நதீராவுக்கு வெட்கம் காதுவரை ஏறியது. ஆனாலும் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குப் பட்டது: தான் சொன்னது ஒரு மனிதரை எழுந்து நிற்க வைத்திருக்கிறது. அன்றைக்கு வழியெல்லாம் பெயர்ப்பலகைகளில் இருந்த சிங்களத்தை வாசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

ஏழு மாதத்தில் மஜீட் உடுப்புப் பெட்டியோடு வந்து சேர்ந்தார். கலியாணமானவள் சீருடை போட முடியாது. அதனால் வகுப்பு நடந்த நாளெல்லாம் நதீரா கொப்பிகளை அஸீஸாவின் வீட்டு வேலிக்கு மேலால் அவளுக்குக் கொடுத்தாள்; மறுநாள் காலை அவை திரும்பி வந்தன. அஸீஸா தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவே தோற்றினாள். முடிவு வந்தபோது சிங்களத்தில் அவளுக்கு ஏ, நதீராவுக்கு பீ.

"எண்ட கடிதத்தாலதான்கா ஒனக்கு இந்த ஏ" என்றாள் நதீரா அன்றைக்கு. "பதினொரு வசனம். ஒண்டும் சும்மா எழுதல்ல."

அஸீஸா மடியில் கிடந்த பிள்ளையைத் தோளுக்கு மாற்றினாள். மஜீட் ஒன்றை மறைத்து வைத்திருந்து சென்ற மாதம்தான் சொன்னதாகச் சொன்னாள். அரசாங்க உத்தியோகத்தில் நிலைக்கச் சிங்களப் பரீட்சை சித்தியடைய வேண்டும். அவர் அதில் இரண்டு தரம் தவறி, சொல்லிக்கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். இரண்டாம் முடிவு அவருடைய மேசைக்கு வந்தது அந்தப் புதன்கிழமைதான், நதீராவின் வாப்பா கடிதத்தோடு போய் நிற்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்பு.