கோடு போட்ட டிசம்பர் பூ

ஆண்டாளுக்கு ஆதார் அட்டையில் பிறந்தநாள் ஜனவரி ஒன்று. ஏம்பலத்தில் அவள் வயசுக்காரிகள் பாதிப் பேருக்கு அதே ஜனவரி ஒன்றுதான். தேதி தெரியாது என்று சொன்னவர்களுக்கெல்லாம் கேம்ப்பில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தவர் தட்டிவிட்ட தேதி அது. அவள் புருஷன் முத்துசாமி அதை ஒரு நாளும் ஒத்துக்கொண்டதில்லை. "வேலியில மொதல் டிசம்பர் பூ பூத்த அன்னிக்குப் பொறந்தவ" என்று மாமியார் சொன்னதுதான் அவருக்குத் தேதி.

கல்யாணம் ஆன வருஷமே மாமியார் வீட்டுச் செடியிலிருந்து ஒரு கிளையை ஒடித்து வந்து தன் வேலியோரம் நட்டார். ஊதாப் பூ, இதழில் வெள்ளைக் கோடு ஓடும். கார்த்திகை பிறந்துவிட்டால் காலையில் முதல் வேலை வேலியைப் பார்ப்பது. என்றைக்கு முதல் பூ விரிகிறதோ அன்றைக்குப் பெண்டாட்டிக்குப் பிறந்தநாள். ஒரு வருஷம் கார்த்திகை ஐந்திலேயே வந்துவிடும், ஒரு வருஷம் மார்கழி வரைக்கும் இழுத்தடிக்கும். பறித்து அவரே அவள் கொண்டையில் செருகுவார்.

"வாசனையே இல்லாத பூவக் குடுத்து ஏமாத்துற மனுசன்" என்பாள்.

"வாசன இருந்தா சாயங்காலம் போயிடும்டி. இதுல போறதுக்கு ஒண்ணுமில்ல" என்பார்.

முப்பத்தாறு வருஷமாக இதே பேச்சு. இரண்டு பேருக்கும் அலுக்கவில்லை.

கரும்பு வெட்டின உடம்பு அவருடையது. இடுப்பு விட்டுப்போன பிறகு வில்லியனூர் பக்கம் ஒரு கம்பெனி கேட்டில் நைட் டூட்டி செக்யூரிட்டி ஆனார். சும்மா உட்கார்ந்திருப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். காலையில் வீடு வந்து சேரும்போது கண்ணில் மண் அள்ளிப் போட்டது மாதிரி இருக்கும். போன ஆடியில் ஆண்டாளுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. அதிலிருந்து உள்ளறைக் கட்டில்தான். மருமகள் எல்லாம் பார்க்கிறாள். இவர் வருவார், டீயைக் குடிப்பார், வராந்தாவில் பாயை விரித்து விழுவார். எழுந்து சாப்பிட்டால் மறுபடி டூட்டிக்கு நேரமாகிவிடும்.

ஐப்பசியில் மகன் அன்புராஜ் காம்பவுண்டு சுவர் எடுத்தான். "அப்பா, வேலியத் தள்ளிடலாமா?" என்று வந்து எழுப்பினான். "தள்ளிக்கோடா, தூங்க வுடு" என்று புரண்டு படுத்துவிட்டார். மதியம் எழுந்து பார்த்தால் ஜேசிபி வந்து போயிருந்தது. வேலியும் இல்லை, செடியும் இல்லை. மண்ணோடு மண்ணாக டிராக்டரில் ஏறிப் போயிருந்தது. தன் வாயால் கொடுத்த உத்தரவு, யாரைப் போய்த் திட்டுவது?

கார்த்திகை முதல் தேதியே உள்ளேயிருந்து குரல் வந்தது. "மாமா, பூத்துச்சா?"

நாக்கு கொஞ்சம் குழறும். ஆனாலும் கேள்வி தெளிவாகத்தான் இருந்தது. அவர் அறை வாசற்படி வரைக்கும் போய், "இன்னும் இல்ல ஆண்டாளு" என்றார். மறுநாளும் கேட்டாள். மொக்கு விட்டிருக்கிறது என்றார். இன்னொரு நாள் மழை ஜாஸ்தி என்றார். அதற்கப்புறம் ஆடு கடித்துவிட்டது, புதுசாகத் துளிர்க்கிறது என்றார். பொய் சொல்லிச் சொல்லி, டூட்டியைவிட அந்த வாசற்படிதான் அவருக்கு அசதியாக இருந்தது. ஜனவரி ஒன்றுக்கு மருமகள் கேக் வாங்கி வந்து ஊட்டினாள். ஒரு வாய் தின்றுவிட்டு, அன்றைக்கும் இவர் பக்கம் திரும்பி அதையேதான் கேட்டாள் ஆண்டாள்.

பொங்கல் நெருங்கியது. எந்தச் செடியும் அதுவரைக்கும் மொக்கிலேயே நிற்காது என்று படுத்திருப்பவளுக்கும் தெரியும். அன்றைக்கு டூட்டி முடிந்ததும் நேராக வில்லியனூர் கடைத்தெருவுக்குப் போனார். பூக்கடைக் காசம்மாளிடம் டிசம்பர் பூ இருந்தது, வெறும் ஊதா.

"கோடு போட்டது இல்லியா?"

"கோடு இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னாண்ணே? பூ பூதான."

ஒரு முழம் வாங்கி, நாரிலிருந்து ஒரே ஒரு பூவை மட்டும் நசுங்காமல் உருவி, மீதியை அவளிடமே கொடுத்துவிட்டார். காசம்மாள் அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். பூவைச் சட்டைப் பையில் போட்டு வழியெல்லாம் கையால் பொத்திக்கொண்டே வந்தார்.

"மாமா, பூத்துச்சா?"

"பூத்துடுச்சி" என்று முதல் தடவையாக வாசற்படியைத் தாண்டி உள்ளே போய், அவள் நல்ல கையில் பூவை வைத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நம்மளுதுல கோடு இருக்கும்."

அவர் காலியான சட்டைப் பையைத் தடவிக்கொண்டார்.

"மிஷின் வந்த அன்னிக்கே தெரியும் மாமா. இந்தச் செவுத்துக்கு அந்தாண்டதான ஓடுச்சி."

"தெரிஞ்சிகிட்டேவா தெனம் கேட்ட?"

"கேட்டாத்தான நீ வாசப்படி வரைக்கும் வர்ற."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் நேரம் சொல்வது மாதிரிச் சொன்னாள். செடி போனதற்கு இத்தனை நாள் வெட்கப்பட்டவருக்கு, இதற்கு எவ்வளவு வெட்கப்படுவது என்று தெரியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, பூவை வாங்கி, தலையில் முக்காடாகப் போட்டிருந்த போர்வையை விலக்கினார். கொண்டை இல்லை. முடியைக் கழுத்தோடு கத்தரித்திருந்தார்கள்.

"இது எப்ப?"

"தீவாளிக்கு முந்தி. சிக்கு எடுக்க முடியலன்னு மருமவதான் வெட்னா."

பூவை அவள் காதோரம் செருகினார். நிற்காமல் விழுந்தது. மறுபடி செருகினார்.

"அப்ப இன்னிக்குத்தான் எனக்குப் பொறந்தநாளு" என்றாள்.

"ஆமா."

வெளியே மருமகள் டீ வைத்துவிட்டுக் கூப்பிட்டாள். முத்துசாமி எழுந்து போய், வராந்தாவிலிருந்த பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து, ஆண்டாளின் கட்டிலை ஒட்டி விரித்துப் படுத்தார்.