கீரை யாரை வளர்க்கும்

மகள் தலைப்பிரசவத்துக்கு வந்த சமயத்தில்தான் எனக்குக் குடலில் புற்றுக்கட்டியென்று அறுத்து எடுத்தார்கள். மிச்சம் மீதி எதுவும் தங்கிவிடக்கூடாதென்று, அவ்வப்போது கள்ளக்குறிச்சிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். ஆக, வடக்கனந்தலில் எங்கள் வூட்டில் வயிற்றைப் பற்றிப் பேச ரெண்டு பேர்.

ஒரு நாள் நர்சம்மா வந்து மகளிடம் சத்து மாத்திரையை நீட்டினார். "இதுல ஃபோலிக் ஆசிட் இருக்கு. புள்ளைக்குப் புதுசு புதுசா செல்லு உண்டாக இது வேணும். கீரை, பயறுலயும் இந்தச் சத்து இருக்கு. நல்லா சாப்புடு."

அடுப்படியிலிருந்து என் பெண்சாதி கேட்டாள்: "வளர்றது எதுவானாலும் இதைத் துன்னுதான் வளருமா?"

"ஆமாம்மா, எதுவானாலும்."

அன்று மத்தியானமே என் தட்டில் முருங்கைக்கீரை இல்லை, பாசிப்பயறு இல்லை. வெறும் ரசஞ்சோறு. மகள் தட்டில் மட்டும் குவியல்.

"இன்னாடி இது?"

"உங்க கட்டிக்கு என் கையால தீனி போட மாட்டேன்."

மகள் சிரித்தாள். "யம்மா, அப்பாவுக்கு இப்ப எத்தினி மாசம்?"

நானும் சிரித்தேன். ஆனால் பெண்சாதி சொன்னதில் தப்பு எங்கே என்று எனக்குப் பிடிபடவில்லை. ரசஞ்சோற்றிலேயே நாள் ஓடியது. எதிர்வூட்டுக்காரி, "அண்ணே, இன்னா, கொடியில காயற சட்டை மாதிரி ஆடிக்கினு வர்றீங்க?" என்றாள். அந்தப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடித்துப்போய், போகிற இடமெல்லாம் நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

டாக்டரம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. எடை பார்த்ததும், "இப்படியே இளைச்சா அடுத்த தடவை மருந்து ஏத்த முடியாதுங்கய்யா" என்றார். பெண்சாதி கீரையை நிறுத்திய கதையைப் பெருமையாகவே சொன்னாள்.

"அந்தச் சத்து கம்மியானா நல்ல செல்லே கெட்டுப்போகலாம்மா. வந்துட்ட கட்டிக்கு, மாத்திரையா ஜாஸ்தி போட்டா தீனியாகுமோன்னு ஒரு சந்தேகம் இருக்கு. அதனால நீங்களா மாத்திரை வாங்கிக் குடுக்காதீங்க. கீரை, பயறு தாராளமா சாப்பிடட்டும்."

"எது வரைக்கும் சத்து, எங்கேர்ந்து தீனி?"

"அந்தக் கோடு எங்களுக்கே சரியா தெரியலம்மா." என் சீட்டைப் புரட்டினார். "இவருக்கு ஏத்துற மருந்து கட்டியை நல்லா புடிக்கணும்னு, அந்தச் சத்துலயே ஒரு வகையை நாங்களும் சேர்த்துத்தான் ஏத்தறோம்."

"நான் வூட்ல கீரையை ஒளிச்சி வெச்சிக்கினு இருக்கேன், நீங்க இங்க நரம்புல வுடறீங்களா!"

திரும்பும் பஸ்ஸில் எனக்கு எதை எதோடு சேர்ப்பதென்று தெரியவில்லை. குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் சந்தேகம், போதாததற்கு ஆஸ்பத்திரியிலேயே ஏற்றுகிறார்கள்.

வூட்டில் பெண்சாதி என் தட்டில் ஒரு கரண்டி கீரை வைத்தாள். பாதியைத் திரும்ப எடுத்தாள். மகள் வயிற்றைப் பார்த்தாள், என் வயிற்றைப் பார்த்தாள். மறுபடி வைத்தாள்.

"துன்னுங்க. எடை இல்லன்னா மருந்து இல்லயாம்."

ஒவ்வொரு கவளமும் எந்தப் பக்கம் போகிறதென்று கண்டுபிடிப்பவள் போல என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல? இன்னும் ஒரு கரண்டி போடச் சொன்னேன்.