மணல் நிரப்பிய சோடாப் போத்தில்கள்

மாடிப்படி ஏறி வந்து அரை மணித்தியாலம் கதிரையில் கிடந்து மூச்சு வாங்கும் புருஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்த என் மனைவி, என்னை உடற்பயிற்சி நிலையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். அங்கிருந்த பொடியன் முதலில் என்னைப் பெரிய பாரம் தூக்க வைத்தான். முக்கி முனகித் தூக்கி முடித்தேன். பிறகு இரண்டு கையிலும் இரண்டு குட்டி எடைகளைத் தந்தான். ரோசா நிறம். பாலர் வகுப்புக்குப் போகும் காலத்தில் என் மகள் இதைவிடப் பாரமான தண்ணீர்ப் போத்தில் கொண்டுபோனவள்.

“இத நிப்பாட்டாமத் தூக்கித் தூக்கி இறக்குங்கோ அங்கிள். ஓடுறமாதிரித்தான். நெஞ்சுக்கு நல்லம்.”

நான் முதலில் செய்த வேலை, தெரிந்த ஆட்கள் யாராவது கண்ணாடிக்கு வெளியே நிற்கிறார்களா என்று பார்த்ததுதான். இந்தப் பயம் எனக்குச் சின்ன வயதிலேயே வந்து போன காய்ச்சல்.

எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். அம்மப்பாவும் அங்கேதான் மூட்டை தூக்கினாராம்; எனக்கு அவரைச் சுவரில் தொங்கிய படமாகத்தான் தெரியும். நாள் முழுக்கக் கோதுமை மா மூட்டை சுமந்தது போதாது என்று, பின்னேரம் வளவுக்குள் மாமா பாரமும் தூக்குவார். இரும்புக் குழாயின் இரண்டு முனையிலும் பழைய டின்களில் சீமெந்து வார்த்துச் செய்த பாரம் அது. நானும் என் கூட்டாளிகள் இரண்டு பேரும் சேர்ந்தும் அதை உருட்டத்தான் முடிந்தது. அந்தப் பாரத்தின் பெருமையை நான் வகுப்பில் விற்றுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

சித்திரை விளையாட்டு விழாவில் கயிறிழுத்தலுக்கு மாமாவின் துறைமுகக் கோஷ்டியும் இறக்கக்கண்டிக் கரைவலைக்காரரும் மோதுவதென்று முடிவானது. வகுப்பில் என் பக்கத்து வாங்கில் இருந்தவன் அந்தக் கரைவலைக்காரரில் ஒருவருடைய மகன். “எங்கட வாப்பா விடிஞ்சா பொழுதுபட்டா இழுக்கிறது கயிறுதான்டா,” என்றான். எனக்கு ரோசம் வந்துவிட்டது. தோற்றவன் வென்றவனுடைய புத்தகப் பையை ஒரு தவணை முழுக்கச் சுமக்க வேண்டும் என்று பந்தயம் கட்டினேன்.

அடுத்த ஞாயிறு மாமா பஸ் ஏறி இறக்கக்கண்டிக்குப் போனார். கடற்கரையில் குந்தியிருந்து, அவர்கள் வலை இழுப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் இரண்டு சோடாப் போத்தில்களில் மணலை நிரப்பினார். அன்று பின்னேரம் வழக்கம்போலச் சீமெந்துப் பாரத்தைத் தூக்கி வைத்தார். பிறகு போத்தில்களை எடுத்து மேலே, கீழே, பக்கவாட்டில் என்று ஆட்டத் தொடங்கினார். ரேடியோவில் பாட்டு நிகழ்ச்சி தொடங்கி முடியும்வரை ஆட்டினார். நான் ஓடிப்போய்ப் படலையைச் சாத்தினேன்.

மறுநாள் கோஷ்டி முழுவதும் எங்கள் வளவில் நின்றது. எருமை மாதிரி ஆட்கள், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஆளுக்கு இரண்டு போத்தில். கலியாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்க நிற்பவர்கள் போல இருந்தார்கள். பாதிப் பாட்டுக்குள் ஒருவர் மண்ணில் இருந்துவிட்டார்.

“மச்சான், மூட்டையெண்டாச் சமாளிக்கலாம். இது உயிர எடுக்குது.”

“மூட்டைய இறக்கி வைக்கலாம். கயித்த இறக்கி வைக்க ஏலாது,” என்றார் மாமா. “அவங்கள் வலை இழுக்கிறதப் பாத்தனான். ஒருத்தனும் முக்கிறேல்ல. லேசா, விடாம இழுக்கிறாங்கள். பெலம் எங்களிட்டக் கிடக்கு. மூச்சுத்தான் அவங்களிட்டக் கிடக்கு. எழும்பும்.”

படலையைச் சாத்தியும் கதை பள்ளிக்கூடம்வரை போய்விட்டது. “ஒண்ட மாமா போத்தில் ஆட்டுறாராமே? பால் சூப்பியும் வாங்கிக் குடுத்தாச்சோ?” என்று கேட்டான் பக்கத்து வாங்குக்காரன். அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன். போதுமா என்று சந்தேகம் வந்து இரண்டாக்கினேன். வேறு பள்ளிக்கூடத்துக்கு மாறலாமா என்று அம்மாவைக் கேட்டு, குசினியில் அகப்பையால் வாங்கினேன். கடைசியில், எதற்கும் இருக்கட்டும் என்று, என் பைக்குள் செங்கல்லை வைத்து வளவைச் சுற்றிச் சுமந்து பழகினேன். மாமா பார்த்தார். நானும் பயிற்சி செய்வதாக நினைத்துச் சந்தோசப்பட்டார்.

விழா நாளில் முதல் இழுவை எங்களுக்கு. மூட்டைக்காரர் ஒரே மூச்சில் இழுத்துவிட்டார்கள். இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவதில், கயிற்றின் நடுவே கட்டிய சிவப்புத் துணி அசையாமல் நின்றது. கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு கடைசி ஆளாக மாமா சாய்ந்து கிடந்தார். நேரம் போய்க்கொண்டே இருந்தது. சிவப்புத் துணி ஒரு சாண் அவர்கள் பக்கம் போனது. நான் கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். பின்னால் ஊரே கத்தியது. யாருக்காகக் கத்தியது என்று திரும்பிப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

மாமாவின் கட்டிலுக்குக் கீழே, போத்தில்களுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மாமா வந்து கட்டிலில் இருந்தார். எதிரே இருந்த அலுமாரிக் கண்ணாடியில் அவர் தெரிந்தார். உள்ளங்கையை நெஞ்சில் வைத்தபடி, சுவரில் இருந்த அம்மப்பாவின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு ஒரே சீராக வந்து போனது. தோற்ற மனிதர் இப்படித்தான் இருப்பார் என்று நினைத்து, நான் விக்கி அழுதுவிட்டேன்.

குனிந்து பார்த்தார். “மருமகன், வெளிய வாரும். ஒருத்தன் உம்மட புத்தகப் பையக் கேட்டுப் படலையில நிக்கிறான்.”

அம்மப்பா ஒரு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, அடுத்த மூச்சு எடுக்க முடியாமல் துறைமுக இறங்குதுறையிலேயே சரிந்தவர். மலை மாதிரியான ஆளாம். இதை அம்மா எனக்குச் சொன்னபோது எனக்கு மீசை முளைத்திருந்தது. விழா நடந்த ஆண்டு, மாமா, அம்மப்பா சரிந்த அந்த வயதுக்கு வந்திருந்தார். இன்றைக்கும் கோணேசர் மலையில் என்னோடு கதைத்துக்கொண்டே ஏறுகிறார். பதில் சொல்ல எனக்குத்தான் மூச்சுக் கிடைப்பதில்லை.

ஆனால் அன்று எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? வென்ற மறுநாள் பின்னேரமும் அவர் போத்தில்களை எடுத்ததைப் பார்த்து, “போட்டிதான் முடிஞ்சுதே மாமா?” என்று கேட்டேன்.

“முடியேல்ல, மருமகன்,” என்று சொல்லிவிட்டு ரேடியோவைத் திருகினார்.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பள்ளிக்கூடம் தொடங்கிய அன்றே, என் பையைச் சுமந்துகொண்டு பக்கத்தில் நடந்து வந்தவனிடம், அடுத்த வருசத்துக்கும் பந்தயம் கட்டினேன்.