சம்மணம் போட ஒரு சீட்

எங்கள் சித்தப்பாவின் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டே சீட்டுகள். இரண்டும் ஒரே வண்டியைச் சேர்ந்தவை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஓட்டுபவரின் சீட் இரு ஓரமும் மேடாக எழும்பி ஆளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இடப்பக்கத்து சீட்டோ பலகை போலத் தட்டையாக, கதவு தொடங்கி கியர் வரைக்கும் அகன்று கிடக்கும். அதற்கான காரணத்தில் பாதிதான் எனக்குத் தெரியும் என்பது போன ஞாயிற்றுக்கிழமைதான் புரிந்தது.

துறைமுகப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்த சித்தப்பா, விம்கோ நகரில் ஒரு ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்த அந்தக் காரை வாங்கி, ஓய்வுபெற்ற பிறகு ஓட வைத்தார். சித்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எண்ணூர் கடலோரமாகப் போக வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. சித்தியோ ஒரே ஒரு தடவை ஏறி, தெருமுனை தாண்டுவதற்குள் இறங்கிவிட்டார். "காலு மரத்துப் பூடுதுய்யா. எனக்கு ஆட்டோவே போதும்." அன்று சித்தப்பா நெத்திலி வறுவலைத் தொடவே இல்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

அதன்பிறகு எங்கள் கூடத்துக்கு சீட்டுகள் வரத் தொடங்கின. உடைத்துப் போட்ட கார்களிலிருந்து கழற்றிய தோல் சீட், பந்தயக் கார் சீட், உட்கார்ந்தால் ஆளையே விழுங்கும் ஸ்பாஞ்ச் சீட். பெண் பார்க்க வந்தவர் போல சித்தப்பா எதிரே நின்றுகொண்டு, "இன்னாமே, இது எப்டி கீது?" என்பார். சித்தி ஒன்று வழுக்குகிறது என்பார், ஒன்று இடுப்பைப் பிடிக்கிறது என்பார். எது வேண்டும் என்று மட்டும் அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஒருநாள் சித்தி, புதிதாக வந்த சீட்டில் முதுகைச் சாய்த்துத் தரையில் சம்மணம் போட்டு இறால் உரித்துக்கொண்டிருந்தார். காசிமேட்டில் மீன் எடுத்து, மார்க்கெட்டில் பலகை போட்டு வருஷக்கணக்கில் அப்படியே உட்கார்ந்து விற்றவர் அவர். மாதா கோயிலில் பூசைக்குப் போனால் பெஞ்சிலும் சம்மணம்தான். சித்தப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டேப்பை எடுத்து வந்து இந்த முட்டிக்கும் அந்த முட்டிக்குமாக அளக்க ஆரம்பித்தார்.

"இன்னாய்யா, சவப்பொட்டி செய்யப் போறியா?" என்று சித்தி கத்தினார்.

அளவோடு நாங்கள் வண்ணாரப்பேட்டைக்குப் போனோம். சீட் தைக்கும் பாய் அதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். "ஓரத்த எடுத்துட்டா புடிமானமே இருக்காது மாமு. நீ லெப்ட்ல திருப்பினா அக்கா அப்டியே உம்மேல வந்து வுழும்."

"வுழட்டுமே பாய்!" என்றார் சித்தப்பா. கடையே சிரித்தது. நான் அதை வெறும் கிண்டல் என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்த சீட் வந்த பிறகு ஞாயிறுதோறும் இருவரையும் வீட்டில் பிடிக்க முடியாது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, சிம்மாசனத்தில் இருப்பவர் போல சித்தி காலை மடக்கிக்கொண்டு போவார். டிரைவர்கள் ஹாரன் அடித்துக் கைகாட்டுவார்கள். பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள், வண்டியின் அழகே போய்விட்டதென்று சித்தப்பாவைத் திட்டினார்கள். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

சித்தப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது. கார் இப்போது என் பொறுப்பில். போன ஞாயிறு பூசை முடிந்ததும், "வண்டிய எடு" என்றார் சித்தி. ஏறியதும் கால்கள் தாமாக மடங்கிக்கொண்டன. நான் பயந்து பயந்து ஓட்டினேன். திருவொற்றியூர் பக்கம் இடது திருப்பம் வந்ததும், அவர் சாய்ந்துவிடக் கூடாதே என்று பிரேக்கை அழுத்தி ஊர்ந்தேன்.

சித்திக்கு முகமே சரியில்லை. "இன்னா இது, கட்டவண்டி கணக்கா ஓட்டுற? உங்க சித்தப்பா வேணும்னே ஜோரா திருப்புவாரு" என்றார். கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நானும் வேணும்னேதான் வுழுவேன்" என்றார்.

அடுத்த திருப்பத்தில் நான் பிரேக்கைத் தொடவில்லை. சித்தி சம்மணம் கலையாமல் என் தோளில் வந்து விழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.