வால் தூக்கிய சொல்

இன்று காலை மகள் மாட்டுங்காவிலிருந்து இட்லி வாங்கி வந்திருந்தாள். சாம்பார் பையின் கழுத்தை இறுக்கியிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றினேன். கழற்றியவள் சும்மா இருந்திருக்கலாம். இரண்டு கட்டைவிரல்களிலும் மாட்டி இழுத்தேன், விட்டேன், மறுபடி இழுத்தேன். "ம்மா, க்யா கர் ரஹீ ஹோ, என்ன பண்ற? இட்லி ஆறுது" என்றாள். என்னத்தைச் சொல்ல? காலையிலிருந்தே நான் ஒரு நிலையில் இல்லை. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். அது ஏன் என்று சொல்கிறேன், ஆனால் முதலில் இந்த ரப்பர் பேண்டைச் சொல்லிவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன், செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு மருந்துக்கடையின் மாடியில், எங்களுக்கு இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். பார்சல் வந்து சேராத வெளிநாட்டுக்காரர்களின் திட்டைப் போனில் வாங்கிக்கொள்ளும் வேலை. ஆறு வாரப் பயிற்சி. தேறினால் ஏசி ஆபீஸ், கழுத்தில் தொங்கும் அட்டை. தாராவியிலிருந்து நானும் ஜெசிந்தாவும் போனோம். ஒரே சந்து, எதிரெதிர் வாசல். அவளுக்கு அப்பா இல்லை. தோல் பை தைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்குக் கண் மங்கி, வேலை நின்றுபோயிருந்தது. எங்கள் வீட்டில் அப்பா சம்பாதித்தார். எனக்கு அந்த அட்டை மேல் ஆசை, அவ்வளவுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கற்றுக்கொடுத்த மேடம் காட்கோபர்காரர். முதல் நாளே ஆளுக்கொரு ரப்பர் பேண்ட் தந்தார். வாக்கியத்தில் எந்தச் சொல்லுக்கு அழுத்தமோ அங்கே இழுக்க வேண்டும். "கீஞ்சோ! கீஞ்சோ!" என்று இந்தியில் கத்துவார். நாங்களும் இழுத்தோம். ஒருவன் இழுத்த இழுப்பில் அறுந்து அவன் மூக்கிலேயே பட்டது.

தமிழில் 'சொல்லுங்க' என்றால் மரியாதை அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, எந்தக் குரலில் சொன்னாலும் கொஞ்சமாவது மிஞ்சும். அதே நினைப்பில் நான் போனை எடுத்ததும் 'டெல் மீ' என்றேன். மேடம் தலையில் கைவைத்துக்கொண்டார். போலீஸ்காரன் கேட்பதுபோல இருந்ததாம். அப்படியானால் இங்கிலீஷில் மரியாதையை எங்கேதான் வைப்பது என்று கேட்டேன். தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

அடுத்த கூத்து, 'வீ ஹேவ் நாட் லாஸ்ட் யுவர் பார்சல்'. நான் 'வீ'யில் இழுத்தேன். "அப்படியென்றால் வேறு யார் தொலைத்தது?" என்றார் மேடம். 'யுவர்' மேல் இழுத்தேன். "ஓஹோ, மற்றவர்களுடையதைத் தொலைத்தாயா?" சொல்லில் ஒரு எழுத்து மாறவில்லை, நான் மட்டும் திருடியாகிக்கொண்டே போனேன். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். "ஏட்டி, இங்கிலீஷ் பேசுதியா, ஒப்பாரி வைக்கியா?" என்றாள் அம்மா. அம்மா சொல்லலாம். 'சாப்ட்டியா' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பாசம், கோபம், சந்தேகம், வீட்டில் சோறு இல்லை என்ற செய்தி எல்லாவற்றையும் நடத்திவிடுவாள். ரப்பர் பேண்ட் தொட்டதே இல்லை.

ஜெசிந்தா கதை வேறு. ஞாயிறு தோறும் சர்ச்சில் இங்கிலீஷில் வேதம் வாசிப்பவள். என்னைவிட ஆயிரம் மடங்கு நல்ல இங்கிலீஷ், தப்பே வராது. ஆனால் எல்லாச் சொல்லையும் ஒரே எடையில் வைப்பாள். குர்லாவில் வண்டி மாறி லேடீஸ் டப்பாவில் தொங்கிக்கொண்டு போகும்போது நான் அவள் கையில் ரப்பர் பேண்டைத் திணிப்பேன். "ஏட்டி, எல்லா வார்த்தையும் முக்கியம்தானே? எதைப் போயி விடச் சொல்லுதாவ?" என்பாள். நான் சிரிப்பேன்.

கடைசி வாரம். ஒரே ஒரு இடம்தான் மிச்சம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மேடம் என்னை அறைக்குள் கூப்பிட்டார். ஜெசிந்தா எப்படி, நீதானே கூடவே வருகிறாய் என்று கேட்டார்.

"ஷீ இஸ் குட், மேடம்" என்றேன்.

இதைத் தாளில் எழுதினால் பாராட்டு. எந்தக் கோர்ட்டும் என்னை விட்டுவிடும். ஆனால் நான் அந்த 'குட்'டைக் கீழே இறக்கி, வால் நுனியில் லேசாகத் தூக்கினேன். அந்தத் தூக்கலுக்குள் ஒரு 'ஆனால்' இருக்கிறது. ஆறு வாரமாக எனக்கு வராத சுருதி அன்றைக்குச் சுத்தமாக வந்தது. மேடம் தலையாட்டிவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தால் திறந்த கதவருகே ஜெசிந்தா நிற்கிறாள், வெளியே மழை, கையில் அவள் குடையோடு என் குடையும்.

குர்லா பிளாட்பாரத்தில் இறங்கியதும், "நீ பாஸாயிட்ட" என்றாள். எந்தச் சொல்லையும் இழுக்கவில்லை, வேதம் வாசிப்பதுபோலத்தான் சொன்னாள். 'ஏட்டி' இல்லாமல் அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அவளுக்கு அப்படிப் பேச வராதே தவிர, கேட்க நன்றாகத் தெரிந்திருந்தது. எனக்கு வெட்கம். ஆமாம், இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த இடம் எனக்குக் கிடைத்தது. அவள், அம்மா வேலை பார்த்த பைப் பட்டறையிலேயே சேர்ந்து, அம்மாவின் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். அடுத்த மழைக்குள், ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் சீத்தா கேம்ப்புக்குக் குடிபோய்விட்டார்கள்.

மருந்துக்கடை, மாடி, எதுவும் இப்போது இல்லை. அங்கே எழும்பியிருக்கும் கட்டடத்தின் உச்சியைப் பார்த்தால் கழுத்து வலிக்கிறது. ஆபீஸில் என் நாற்காலியும் போன வருடம் போய்விட்டது, இனி ஆள் வேண்டாமாம். போன வாரம் என் பார்சல் ஒன்று வரவில்லையென்று போன் செய்தேன். ஒரு மெஷின் பெண் குரலில் பேசியது. அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தி, தூக்க வேண்டிய இடத்தில் தூக்கி, அப்படியொரு சுத்தம். இந்த நாற்காலிக்காகவா அன்றைக்கு அப்படிச் செய்தேன் என்று என்மேலேயே எரிச்சலாக வந்தது.

நேற்று திலக் நகரில் ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஜெசிந்தாவின் நம்பர் கொடுத்தார்கள். "ஜெசி, அன்னைக்கு நான் மேடம்ட்ட அப்படிச் சொன்னது தப்பு. மன்னிச்சிரு" என்று மெசேஜ் போட்டேன். இன்று காலை பதில் வந்திருந்தது.

"பரவாயில்ல."

ஒரே சொல். இதை நான் எத்தனை விதமாக வாசித்துவிட்டேன் தெரியுமா? பெரிய மனதோடு வாசித்தேன். கதவைச் சாத்துவதுபோல வாசித்தேன். ரயிலில் காலை மிதித்தவளிடம் சொல்வதுபோலவும் வாசித்தேன். எல்லாமே பொருந்துகிறது.

மகளிடம் எல்லாம் சொன்னேன். "அரே, போன் கரோ நா, ம்மா. அவங்க பேசினா தெரிஞ்சிடும்ல?" என்றாள்.

தெரிந்துவிடும். இத்தனை வருடம் அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன். அவள் 'ஹலோ' என்றாலே போதும், எனக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் காலையிலிருந்து போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.